பாட்டு இல்லாத ரேடியோ

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு ரேடியோ பாடக் கூடாது. டிவி ஓடக் கூடாது, பொங்கல் கிடையாது, தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, மலைக்கோயில் ஏறக் கூடாது. மற்றவர்களுக்கு இதில் பெரிய கஷ்டம் ஒன்றுமில்லை. பட்டனை அமுக்கி நிறுத்திவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நானோ ரேடியோ ரிப்பேர்காரன். மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகிற ரோட்டோரத்தில் வீடு. வீட்டின் முன்னறைதான் கடை. ஊமையாகி வருகிற பெட்டியைப் பாட வைப்பதுதான் பிழைப்பு. பாட வைத்துவிட்டு, பாடுகிறதா என்று கேட்டுப் பார்க்கக் கூடாது என்றால் என்னதான் செய்வது?

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷக் கோடையில் எங்கள் மகன் போனான். ஒரே பிள்ளை. சென்னையில் ஏசி மெக்கானிக் வேலை. பல்லாவரம் பக்கம் நாலு பையன்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். தலைக்கு மேலே பிளேன் இறங்குகிற இடம், பக்கத்தில் இருப்பவன் பேசுவதுகூடக் கேட்காது என்பான். வந்தது காய்ச்சல்தான். மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அந்த போனைப் பற்றி எழுதித்தான் ஆக வேண்டும்.

அப்போது எங்கள் வீட்டில் போன் கிடையாது. ரேடியோக்காரன் வீட்டில் போன் இல்லையாம் என்று ஊரில் கேலி பேசுவார்கள். பக்கத்து வீட்டு போனுக்குத்தான் மகன் கூப்பிடுவான். அவன் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வைத்துவிடுவான், அந்த வீட்டம்மா வாசலில் வந்து நின்று, "சென்னை போனு! சென்னை போனு!" என்று தெருவே கேட்கிற மாதிரி சத்தம் போடும், கொஞ்ச நேரம் கழித்து அவன் மறுபடி கூப்பிடுவான். அதற்குள் நாங்கள் போய் நிற்க வேண்டும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் போன் என்றால் இப்படித்தான். ஒரு நாளும் தவறியதில்லை.

அன்றைக்கு நான் சாமான் வாங்கத் திண்டிவனம் போயிருந்தேன். என் மனைவி உப்பளத்தில் இருந்தாள். கோடையில் உப்பு வாரும் கூலி வேலை அவளுக்கு. மத்தியானத்துக்கு மேல் திடீரென்று வானம் கறுத்துவிட்டது. குவித்து வைத்த உப்பின் மேல் மழை விழுந்தால் அத்தனையும் தண்ணீர்தான். எல்லோரும் கீற்றுப் போட்டு மூட ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ சைக்கிளில் வந்து சென்னை போன் என்று சொல்லியிருக்கிறார்கள். கீற்றை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

உப்புக் காலோடு அளத்துக்காரர்கள் யார் வீட்டுக்குள்ளும் நுழைய மாட்டார்கள். நுழைந்தால் ஈரம் காய்ந்ததும் பாதம் பாதமாக வெள்ளைத் தடம் நிற்கும். போகப் போகச் சிமெண்டைத் தின்றுவிடும். பக்கத்து வீட்டில் அப்போதுதான் புதிதாக டைல்ஸ் போட்டிருந்தார்கள். அந்த அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இவளே தெருப் பைப்படியில் நின்று காலைக் கழுவினாள். ஒரு காலைக் கழுவி மறு காலில் தண்ணீர் ஊற்றும்போது உள்ளே போன் அடித்தது. இவள் வருகிறாளா என்று பார்க்கத்தான் அந்த அம்மா வாசல் கேட்டில் வந்து நின்றிருந்தது, உள்ளே எடுக்க ஆளில்லை. "இரு இரு, வந்துட்டேன்" என்று போனைப் பார்த்துக் கத்திக்கொண்டே இவள் உள்ளே ஓடினாள். கையை வைக்கும்போது நின்றுவிட்டது.

அப்புறம் அது அடிக்கவில்லை. பொழுது போய் விளக்கு வைக்கிற வரைக்கும் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலையில் அடித்தபோது வேறு பையனின் குரல் பேசியது.

ரூம் பையன்கள் பிறகு சொன்னார்கள். "ஒடம்பு சரியில்லம்மா, ஊருக்குக் கெளம்பி வரட்டா" என்று கேட்கத்தான் கூப்பிட்டானாம். போனை எடுத்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டான் என்று டாக்டர் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நானும் சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. "புள்ள கூப்புட்டான், நான் பதில் சொல்லல" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதன் பிறகு பேச்சையே விட்டுவிட்டாள். சோறு, தண்ணீர், கதவைச் சாத்து என்பதோடு சரி. காலைக் கழுவுவதையும் விட்டாள். அளத்திலிருந்து உப்புக் காலோடு நேரே வீட்டுக்குள் வருவாள். வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் வெள்ளைத் தடம். எங்கள் வீட்டுச் சிமெண்டு தரை பொரிந்து உதிரத் தொடங்கியது. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். அந்தத் தரையைப் பற்றி மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை.

கடைக்கு வந்த ரேடியோக்களைச் சரி செய்து, எதிர்த்த டீக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பாட வைத்துப் பார்த்தேன். "ஏம்பா, கடைய இங்கயே மாத்திட்டியா? வாடகை குடு" என்று டீக்கடைக்காரர் கிண்டல் செய்வார். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொல்கிறார் என்று தெரியும். இருந்தாலும் எரிச்சலாக இருக்கும். வீட்டுக்குத் திரும்பினால் இன்னும் மோசம். அத்தனை வருஷம் ஏதாவது ஒரு பெட்டி முனகிக்கொண்டே இருந்த வீடு. இப்போது அவள் பாத்திரம் வைக்கிற சத்தமும் என் சால்டரிங் அயர்ன் உஸ்ஸென்று புகைகிற சத்தமும்தான். பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து அழுதால்கூடத் தேவலாம். இப்படித் தனித்தனியாக ஊமையாக உட்கார்ந்திருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயம். ஒருவர் பாக்கெட் ரேடியோ ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "பாட்டுக்கு நடுவுல எவனோ இங்கிலீஷ்ல பேசுறான்ப்பா. நல்ல பாட்டு நேரத்துலதான் வர்றான்." மட்டமான எப்.எம். செட்டுகளில் இது நடக்கும். நம் தலைக்கு மேலே போகிற பிளேனில் பைலட் பேசுவது வழி தவறி உள்ளே நுழைந்துவிடும். டயலில் எப்.எம். ஸ்டேஷன்கள் முடிகிற இடத்துக்கு மேலே அவர்களுக்கென்று தனி இடம் இருக்கிறது. இத்தனை வருஷமும் அதைத் தொந்தரவு என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்த இடத்தில் பாட்டு இல்லை. விளம்பரம் இல்லை, சிரிப்பு இல்லை, வாழ்த்து இல்லை. சாவு வீட்டில் அதைக் கேட்டால் யார் என்ன சொல்ல முடியும்?

உடைந்து கிடந்த ஒரு எப்.எம். செட்டை எடுத்துப் பிரித்தேன். உள்ளே செம்புக் கம்பியில் குட்டிக் குட்டிச் சுருள்கள் இருக்கும். கம்பெனியில் மெழுகு ஊற்றி அசையாமல் வைத்திருப்பார்கள். மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, சுருளின் இடைவெளியை மெல்ல மெல்ல விரித்தால் ரேடியோ மேலே மேலே போகும். இரும்பு எதையும் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால் அது ஒரு பக்கம் இழுக்கும். விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி ஒன்றை உருவி அதைத்தான் வைத்துக்கொண்டேன். மயிரிழை அசைந்தாலும் எங்கோ போய்விடும். கையை எடுத்தால் வேறு இடம், மூச்சு விட்டால் வேறு இடம். பைலட்டுகள் பேசுவது எப்.எம். முறையில் இல்லை, பழைய மீடியம் வேவ் முறையில். அதனால் குரலைப் பிரித்தெடுக்க ஒரு டயோடைத் தனியாகப் போட வேண்டியிருந்தது. சத்தத்துக்குப் பழைய டேப்ரிக்கார்டரின் போர்டைக் கழற்றிச் சேர்த்தேன். மாடியில் சும்மா நின்ற டிவி ஏரியலிலிருந்து அலுமினியக் குழாய் கிடைத்தது. கேபிள் வந்த பிறகு அதைச் சீண்டுவார் இல்லை. ஒன்றரை முழத்துக்குக் கொஞ்சம் கம்மியாக அறுத்து ஜன்னலுக்கு வெளியே நட்டேன்.

முதலில் வெறும் இரைச்சல்தான். பல நாள் அதே இரைச்சல். உப்புக் காற்றில் செம்பு பச்சையாகப் பூத்துவிடும். துடைத்துத் துடைத்து மறுபடி சுருளைச் சரி செய்வேன். "போடா சனியனே" என்று ஒரு நாள் மொத்தத்தையும் மூலையில் வீசியும் இருக்கிறேன். அவள் வந்து பொறுக்கி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் உட்கார்ந்து மறுபடி ஒட்டினேன். நம்பிக்கையெல்லாம் இல்லை. செய்வதற்கு வேறு என்ன இருந்தது?

ஒரு நாள் சாயங்காலம் இரைச்சல் சட்டென்று ஒதுங்கியது. தெளிவாக ஒரு ஆண் குரல். இளவட்டம்தான். "சென்னை" என்றான். அப்புறம் ஏதோ எண்கள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, சுருளின் மேல் சொட்டுச் சொட்டாக மெழுகை விட்டேன். அது உறைந்ததும் அந்த இடம் நிலைத்தது.

அதன் பிறகு அந்த ரேடியோ எங்கள் வீட்டில் ஓடியபடியே இருந்தது. நேரம் முழுக்க இரைச்சல், நடுவில் எப்போதாவது ஒரு குரல். என் பத்தாம் வகுப்பு இங்கிலீஷுக்குப் பாதி எண்கள் பிடிபடும். அவளுக்கு ஒரே ஒரு சொல்தான் புரியும். ஒவ்வொருவனும் முதலில் அதைத்தான் சொல்லுவான். சென்னை. "சென்னை… சென்னை…"

மழை ஓய்ந்து பாத்தி சீர் செய்யும் வேலை தொடங்கியிருந்தது. அளத்திலிருந்து வந்தவள் அடுப்படிக்குப் போகாமல் நின்று கேட்பாள். நான் தலையைத் தூக்க மாட்டேன். தூக்கினால் போய்விடுவாள் என்று பயம். சில நாள் தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம்கூடக் கேட்பாள். பிளேன் சத்தம் அவளுக்கு ஆறுதலாக இருக்கிறது என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். முட்டாள். பொங்கலுக்கு அடுத்த வாரம், எத்தனையோ மாசத்துக்குப் பிறகு, என்னிடம் ஒரு முழு வாக்கியம் பேசினாள்.

"ஏங்க, எல்லாரும் கூப்புட்டுக்கினே இருக்கானுங்க. ஒருத்தனுக்குக்கூட ஏன் பதில் சொல்ல மாட்டேன்றாங்க?"

அவள் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். மேலே போகிறவன் பேசுவது எங்களுக்குக் கேட்கும், அவன் உயரத்தில் இருக்கிறான். கீழே சென்னையில் உட்கார்ந்து பதில் சொல்கிறவர்களின் குரல் எங்கள் ஊர் வரைக்கும் வராது. நடுவில் பூமி வளைந்துவிடுகிறது. எனக்கு இது சாதாரண விஷயம். அதனால் சொல்லத் தோன்றவில்லை. அவளோ, சென்னை சென்னை என்று பிள்ளைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, எடுப்பார் இல்லாமல் ஓய்ந்து போகிறதைத் தினமும் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

குண்டானைக் கவிழ்த்து வைத்து விளக்கினேன். இந்தப் பக்கம் ஒரு புளியங்கொட்டை, அது நாம். அந்தப் பக்கம் ஒன்று, அது சென்னை. மேலே என் விரல், அது பிளேன். "விரலுக்கு ரெண்டும் தெரியுது. இதுக்கு அது தெரியுதா? தெரியல. அவ்ளோதான். பதில் போகுதும்மா. நமக்குத்தான் கேக்கல."

குண்டானை வெறித்துப் பார்த்தாள். "என்னத் தேத்தறதுக்குச் சொல்ற."

"சத்தியமா போகுது. அவங்க சொன்னதத்தான் அவன் திரும்பச் சொல்லிக் காட்டுறான். பதில் வராம அதெப்படிச் சொல்லுவான்?"

"அப்ப எனக்குக் கேக்க வெய்யி."

உயரமான இடம் வேண்டும். எங்கள் ஊர் உள்ளங்கை மாதிரி. பக்கத்தில் உயரம் என்றால் திண்டிவனம் போகிற வழியில் பெருமுக்கல் மலைதான். அங்கிருந்தும் சென்னைக் குரல் எட்டுமா என்பது சந்தேகமே. இருந்தாலும் வேறு வழி தெரியவில்லை. அந்தப் பதிலை இவள் ஒரே ஒரு தரம் காதால் கேட்டுவிட்டால் போதும், மனசு இறங்கிவிடும், பழையபடி என்னோடு பேசுவாள் என்று நம்பினேன். அந்த நேரத்தில் உலகத்தில் எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. ஆனால் உச்சியில் கோயில் இருக்கிறது. வருஷம் திரும்பாமல் மலை ஏறக் கூடாது. என் தங்கையிடம் சொன்னதற்கு, "ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா அண்ணே, சாவுத் தீட்டோட மலைக்குப் போவியா" என்று கத்தினாள். நான் வருஷம் திரும்பட்டும் என்று ஒத்திப்போடப் பார்த்தேன். என் மனைவி கேட்கவில்லை.

"சாமிகிட்ட யாரு போறா? பதில் கேக்கத்தான போறோம். கோயில் பக்கம் திரும்பல, போதுமா?"

ஏரியலுக்கு இன்னும் சில குழாய்களைச் சேர்த்து, ஒரே திசையை நோக்கிக் கேட்கிற மாதிரி மீன்முள் வடிவத்தில் கட்டினேன். அதைத் தூக்கிக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர், "இன்னா தலைவரே, சாமிக்குக் கேபிள் கனெக்‌ஷனா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மலை அப்படி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அந்தச் சுமையோடு எனக்கு மூச்சு வாங்கியது. அவள் ரேடியோவைக் குழந்தைபோல இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினாள். உச்சிக்கு வந்ததும் சொன்னபடியே கோயிலுக்கு முதுகைக் காட்டி, வடக்குப் பார்த்த பாறையில் உட்கார்ந்தாள். நான் ஏரியலைச் சென்னை இருக்கிற பக்கம் நீட்டிப் பிடித்தேன். காற்று அதைப் பிடுங்கியது. ஸ்பீக்கரில் ஒன்றுமே தெரியவில்லை. பைலட்டின் குரல் வரும், பிறகு வெறும் இரைச்சல். மெலிசான குரல் ஏதாவது இருந்தால் இந்தக் காற்றில் எங்கே கேட்கப்போகிறது? பையிலிருந்து இயர்போனை எடுத்துச் சொருகி அவள் காதில் வைத்தேன். ஒரு காதுக்கு மட்டும் வைக்கிற பழைய இயர்போன். அதன் பிறகு எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, கை வலிக்க வலிக்க ஏரியலை அங்குலம் அங்குலமாகத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

வெயில் ஏறியது. இறங்கிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள். இன்னொரு கையால் இயர்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இருக்குது," என்றாள். "அசைக்காத. இருக்குது."

"பதிலா?"

"பொம்பள. பொம்பளதான் பேசுது. ரொம்பத் தூரத்துல."

"இன்னா சொல்லுது?"

"புரியல." கண்ணை மூடிக்கொண்டாள். "அவன் கூப்புட்டு முடிக்கல, ஒடனே சொல்லுது. இந்தா, இன்னொருத்தன் கூப்புடுறான்… அவனுக்கும் சொல்லுது. எல்லாத்துக்கும் சொல்லுது."

ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். "பாத்தியா? நான் சொன்னன் இல்ல?" என்றேன்.

அவள் இயர்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். அளத்து வேலையில் வெடித்து வெடித்துக் கிடந்த தன் பாதங்களை நெடுநேரம் பார்த்தாள்.

"அவ கால் கழுவப் போவல," என்றாள்.

நான் ஏரியலைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீயும் ஓடித்தானே வந்தாய் என்று சொல்லிப் பார்த்தேன். காற்றில் அது எனக்கே கேட்கவில்லை. இரண்டு பேரும் அழுதோம். கீழே இறங்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

கோடையில் வருஷம் திரும்பியது. படைத்து முடித்ததும் என் தங்கையே டிவியைப் போட்டுவிட்டாள். கடையில் ரேடியோக்கள் பழையபடி பாட ஆரம்பித்தன. பக்கத்திலேயே அந்த ரேடியோவும் ஓடியது, ஜன்னலோரம். அதை நிறுத்த அவள் விடவில்லை. அவள் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டேன் இல்லையா, பேசினாள். உப்பு வாரிவிட்டு ஈரக் காலோடு வருவாள். வெள்ளைத் தடம் இப்போது அடுப்படிக்குப் போகாது, வாசலிலிருந்து நேரே ஜன்னலுக்குப் போகும். மேலே எவனாவது "சென்னை" என்று கூப்பிட்டால் போதும், கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, அவன் வாயை மூடுவதற்குள் சொல்லிவிடுவாள்.

"சொல்லுப்பா. அம்மா இங்கதான் இருக்கேன்."